லேண்ட் குரூசர் 79 பிக்கப்பில் முன் பிரேக் டிஸ்க் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓமானில் நிஸ்வா சனையாவில் (பட்டறைகள் இருக்கும் பகுதி) பதினொரு வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான். கைக்கு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல், அரபிகள் ‘ஷாஸ்’ என்று கூப்பிடும் லேண்ட் குரூசர் 79 பிக்கப். தண்ணீர் கேன், ஆட்டுக்குட்டி, பேரீச்சங்குலை, கல், சிமெண்ட் என்று எல்லாச் சுமையும் மலைக்கு ஏற்றுகிற வண்டி. டிரைவர் நண்பர்களும், புதிதாக வேலைக்கு வந்த தம்பிகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். 1999-க்குப் பிறகு வந்த, முன்னால் கட்டை ஆக்சிலும், ஃபோர்வீலுக்காக வீலை ஆக்சில் ஷாஃப்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஃப்ரீவீல் ஹப்பும் உள்ள வண்டியை மனதில் வைத்து எழுதியது.

டிஸ்க் மாற்ற அரை நாள் கேட்கிறார்களே, ஏமாற்றுகிறார்களா?

இல்லை. காரில் வீலைக் கழற்றி, பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரை எடுத்தால் டிஸ்க் கையோடு வந்துவிடும். ஷாஸில் அப்படி வராது. இதில் டிஸ்க், வீலைப் பூட்டும் ஹப்புக்கு முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. பின்பக்கமிருந்து ஹப்போடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அதனால் டிஸ்க்கைத் தொட வேண்டுமானால் ஃப்ரீவீல் ஹப்பைப் பிரித்து, பேரிங் நட்டைக் கழற்றி, ஹப்பை முழுசாக வெளியே எடுத்தாக வேண்டும். பில்லில் பிரேக் வேலை என்று எழுதுவார்கள். செய்வதென்னவோ பேரிங் வேலை. டிஸ்க் எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், திரும்பப் பூட்டும்போது பேரிங்கில் கோட்டை விட்டால் அந்தப் பணம் வீண்.

இரண்டு பக்கமும் சேர்த்து, கழுவி, கிரீஸ் அடைத்து, பொறுமையாகச் செய்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். ஒன்றரை மணியில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பேரிங்கைக் கழுவ மாட்டார் என்று அர்த்தம்.

என் ஹைலக்ஸிலும் இப்படித்தானா?

வருடத்தைப் பொறுத்தது. 2005-க்குப் பிறகு வந்த ஹைலக்ஸில் பேரிங் மூடிய யூனிட்டாக வருகிறது. டிஸ்க் ஹப்புக்கு முன்னால் தொப்பி மாதிரி உட்காரும். கேலிப்பரை எடுத்தால் டிஸ்க் வந்துவிடும். துருவில் ஒட்டிக்கொண்டால் டிஸ்க் முகத்தில் உள்ள இரண்டு மரை ஓட்டைகளில் 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டு, மாறி மாறி இறுக்கினால் தானே தள்ளி வெளியே வரும். சுத்தியலைத் தூக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் ஃப்ரீவீல் ஹப் வைத்த ஹைலக்ஸ் என்றால் ஷாஸ் மாதிரிதான். கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும், இறுக்கும் அளவுகள் மட்டும் மாறும்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

எல்லோரும் ‘டிஸ்க் பெண்டு’ என்றுதான் சொல்வார்கள். நானும் வாடிக்கையாளரிடம் அப்படித்தான் சொல்வேன், சுலபமாகப் புரியும் என்பதால். ஆனால் அந்தக் கனமான வார்ப்பிரும்பு உண்மையில் வளைவது அபூர்வம். நடப்பது வேறு. டிஸ்க் நேராக உட்காராமல் மிக லேசான கோணலில் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசித் தேய்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரிடம் மெலிந்து ஓரிடம் தடித்து நிற்கும். ஒரு தலைமுடியை விடக் குறைந்த தடிமன் வித்தியாசம் இருந்தாலே பெடலில் காலை உதைப்பது தெரியும்.

கோணல் எங்கிருந்து வருகிறது? ஹப் முகத்தில் துரு, டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே மாட்டிய மண், வீல் நட்டை ஏர் கன்னால் கண்டபடி அடித்தது, அப்புறம் முக்கியமாக லூசான பேரிங். அதனால் டிஸ்க் வாங்க ஓடுவதற்கு முன்னால் வீலை ஜாக்கியில் தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்றால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் லூஸ். மிதித்தும் ஆடினால், ஆக்சில் முனையில் வீலைத் திருப்பும் மூட்டான நக்கிலின் கிங்பின் பேரிங்கைப் பாருங்கள்.

லேத்தில் போட்டு ஒரு தடவை உரசி எடுத்தால் போதாதா?

டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச தடிமன் குத்தியிருக்கும். தொப்பிப் பகுதியிலோ ஓரத்திலோ துருவைத் தேய்த்தால் எண் தெரியும். மைக்ரோமீட்டரில் நாலைந்து இடத்தில் அளந்து, உரசிய பிறகும் அந்த அளவுக்கு மேல் நிற்குமானால் தாராளமாகப் போடலாம். வெர்னியரால் அளந்தால் ஓரத்தில் நிற்கும் தேயாத வரம்பு மேல் உட்கார்ந்து, அதிகமாகக் காட்டி ஏமாற்றும்.

என் அபிப்பிராயம்: மலை ஏறி இறங்கும் வண்டிக்கு லேத் வேண்டாம். மெலிந்த டிஸ்க்கில் வெப்பத்தை வாங்கி வைக்கும் இரும்பு குறைவு. கோடைக்காலத்தில் நிஸ்வா பக்கத்து ஜபல் அக்தர் மலையிலிருந்து சுமையோடு இறங்குகிறவருக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் இரும்பு தேவைப்படும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டி என்றால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா?

கூடாது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பேடும் இரண்டு பக்கத்துக்கும் புதிதாகவே.

வேலையைத் தொடங்கும் முன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட். ஹப் உள்பக்க ஆயில் சீல் இரண்டு. பழையதைத் திரும்பப் போடவே கூடாது, கழற்றும்போதே அது நெளிந்துவிடும். லாக் வாஷர் இரண்டு, ஃப்ரீவீல் ஹப் கேஸ்கட், வீல் பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ். பேரிங் நல்லதாக இருந்தால் அதையே போடலாம். ஆனால் கழுவிப் பார்த்த பிறகுதானே தெரியும்? வெள்ளிக்கிழமை கடை மூடியிருக்கும் நேரத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்க வேண்டாம், ஒரு செட் கையில் இருக்கட்டும்.

கருவிகளில் தவறவிடக் கூடாதது, பேரிங் நட்டுக்கான 54 மில்லிமீட்டர் சாக்கெட். அது இல்லாதவர்கள் உளியை நட்டின் மூலையில் வைத்துச் சுத்தியலால் அடித்துத் திருப்புவார்கள். பழைய வண்டி எதைப் பிரித்தாலும் அந்த நட்டில் உளித் தழும்பைப் பார்க்கலாம். அப்படி இறுக்குகிறவருக்கு எவ்வளவு இறுகியது என்று எப்படித் தெரியும்? பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், வளையக் கிளிப்பான சர்க்ளிப்பை எடுக்கும் பிளையர், பித்தளைக் கம்பி, மீன் நிறுக்கிற கொக்கித் தராசு. தராசு எதற்கு என்று கீழே வருகிறது. துடைக்க நிறையத் துணி. ஊரில் என்றால் ஒரு கிலோ பனியன் வேஸ்ட் வாங்கிவிடலாம்.

கழற்றும் வரிசை என்ன?

வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே உட்காராதீர்கள். கேலிப்பரைப் பின்பக்கமிருந்து இரண்டு போல்ட் பிடித்திருக்கும். எடுத்ததும் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. ஹோஸுக்கும் கேலிப்பருக்கும் நடுவில் இரும்பு பைப் இருக்கிற வண்டிகளில் அதன் பிராக்கெட்டையும் அவிழ்த்துவிட்டால் பைப் மடங்காது.

இப்போது ஃப்ரீவீல் ஹப்பின் டயலை ஃப்ரீயில் வைத்து மூடியின் ஆறு சின்ன போல்ட்டைக் கழற்றுங்கள். உள்ளே ஆக்சில் ஷாஃப்ட் முனையில் சர்க்ளிப் தெரியும். ஷாஃப்ட் முனையில் மரை ஓட்டை இருக்கிறது. அதில் ஒரு போல்ட்டைப் போட்டு வெளியே இழுத்துப் பிடித்தால் சர்க்ளிப் எடுக்க இடம் கிடைக்கும். அடுத்து ஹப் பாடியைப் பிடித்திருக்கும் நட்டுகள், அவற்றுக்கு அடியில் கோன் வாஷர்கள். ஹப் பாடி வந்ததும் லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, வெளி நட், லாக் வாஷர், உள் நட், அதன் பின்னுள்ள வாஷர், வெளிப் பேரிங் என்று ஒவ்வொன்றாக, வந்த வரிசையிலேயே துணி மேல் அடுக்குங்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் சென்சாரை முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

கடைசியில் ஹப்பும் டிஸ்க்கும் ஒன்றாக வரும். கனமாக இருக்கும். ஹப் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் மரையில் இடிக்காமல் நேராக இழுங்கள்.

கோன் வாஷர் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இங்கேதான் புதியவர்கள் பாதிப் பேர் கையை விடுகிறார்கள். அது நடுவில் பிளந்த சின்னக் கூம்பு. ஸ்டட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகியிருக்கும். நட்டை முழுசாகக் கழற்றாமல் ஸ்டட் முனையோடு சமமாக நிற்கும்படி வைத்து, அதன் மேல் பித்தளைக் கம்பியை வைத்து ஒரே தட்டு, சுருக்கென்று. பக்கத்தில் ஹப் பாடியின் விளிம்பில் இன்னொரு தட்டு. கூம்பு எகிறி வரும். எகிறி எங்கே போகும் என்பதுதான் பிரச்சினை; நட்டை விட்டுவைத்தால் மணலில் தேட வேண்டியதில்லை. வராவிட்டால் துரு எண்ணெய் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஸ்குரூ டிரைவரை அந்தப் பிளவில் விட்டு நெம்பாதீர்கள், அடுத்த தடவை அது பிடிக்காது.

பழைய டிஸ்க்கை ஹப்பிலிருந்து பிரித்து, புதியதைப் பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஹப் முகத்தைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும். வயர் பிரஷ்ஷால் துரு முழுக்கப் போகும்வரை தேய்த்து, விரலால் தடவிப் பாருங்கள். அரிசி நொய் அளவு துருச் செதில் ஒன்று நின்றாலும் டிஸ்க் கோணலாகத்தான் உட்காரும். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

புது டிஸ்க் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். பிரேக் கிளீனர் இல்லையா, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பெட்ரோல் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படலம் பேடுக்குள் இறங்கிவிடும்.

பேரிங் நட்டை எவ்வளவு இறுக்குவது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஹப்புக்குள் இரண்டு கூம்பு உருளைப் பேரிங் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன. உள் நட் அவற்றை நெருக்குகிறது. லூசாக இருந்தால் ஹப் சாய்கிறது. அதோடு டிஸ்க்கும் சாய்ந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஒரு திருப்பத்தில் போய்விட்டுப் பிரேக்கை மிதித்தால் முதல் மிதி பள்ளத்தில் இறங்கும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். ‘மாஸ்டர் சிலிண்டர் போச்சு’ என்று சிலிண்டரை மாற்றி விடுவார்கள், கோளாறு அப்படியே இருக்கும். அதிகம் இறுக்கினால் கிரீஸ் உருகிக் கருகி, உருளை நீலம் பாய்ந்துவிடும்.

டொயோட்டாவின் பழைய பட்டறைக் கையேடுகள் சொல்லும் முறை இது. உள் நட்டை முதலில் 59 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். ஹப்பை இரண்டு பக்கமும் பல தடவை சுற்றி, உருளைகள் தங்கள் இடத்தில் படிந்ததும் மறுபடி அதே அளவு. பிறகு கையால் திருப்ப வருகிற அளவுக்குத் தளர்த்தி, அதற்குப் பின் மாடலுக்கு உரிய சின்ன அளவில் இறுக்க வேண்டும். அந்தச் சின்ன அளவு ஹைலக்ஸுக்கு ஒன்று, லேண்ட் குரூசருக்கு ஒன்று. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். இப்போது தராசு: கொக்கியை வீல் ஸ்டட்டில் மாட்டி, சுற்றுகிற திசையில் கிடையாக இழுங்கள். ஹப் நகரத் தொடங்கும்போது தராசு 28-இலிருந்து 56 நியூட்டனுக்குள், அதாவது ஏறக்குறைய 3-இலிருந்து 5.7 கிலோவுக்குள் காட்ட வேண்டும். புது ஆயில் சீல் கொஞ்சம் இழுக்கும், அதைத் தனியாகப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். கேலிப்பரை அதற்குள் மாட்டிவிட்டால் இந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

என் முதல் வருடத்தில் நடந்தது. இந்த அளவெல்லாம் பார்த்து, லாக் வாஷர் போட்டு, வெளி நட்டைப் பலமாக இறுக்கி, மடித்துவிட்டு வண்டியை அனுப்பினேன். பக்கத்து ஊரான பஹ்லா போய்ச் சேர்வதற்குள் டிரைவர் போன் பண்ணினார், ஹப்பில் எண்ணெய் கருகும் வாசம், தொட முடியவில்லை என்று. திரும்பக் கொண்டுவந்து பிரித்தபோது எங்கள் மலையாளி ஃபோர்மேன் திட்டவில்லை. தராசை எடுத்து, வெளி நட்டை இறுக்கும் முன் ஒரு தடவை இழுத்தார், இறுக்கிய பின் ஒரு தடவை இழுத்தார். முள் முன்பு காட்டியதை விட ஒரு கிலோவுக்கு மேல் கூடி நின்றது. வெளி நட்டை இறுக்கும்போது மரையின் இடைவெளி எடுபட்டு உள் நட்டும் சேர்ந்து நெருக்குகிறது. நான் அளந்தது பாதியில். அன்றிலிருந்து கடைசி இறுக்கத்துக்குப் பிறகுதான் என் அளவு. அதிகமாகக் காட்டினால் வெளி நட்டைக் கழற்றி, உள் நட்டை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளி மறுபடி. மூன்று தடவை ஆனாலும் சரி.

லாக் வாஷரில் ஒரு பல்லை உள்பக்கமும் ஒரு பல்லை வெளிப்பக்கமும் மடிக்க வேண்டும். ஒன்று உள் நட்டைப் பிடிக்கும், ஒன்று வெளி நட்டை.

பேரிங்கை எப்படிக் கழுவி, எப்படி கிரீஸ் அடைப்பது?

மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, காற்றடித்துக் காயவையுங்கள். காற்றை வைத்துப் பேரிங்கைச் சுழலவிட்டு விளையாடாதீர்கள், கூண்டு விட்டுப்போய் உருளை முகத்தில் தெறிக்கும். உருளையிலும் ஹப்புக்குள் இருக்கும் கப்பிலும் குழி, நீலம், கோடு ஏதாவது தெரிந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். கப்பை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தைச் சப்பாத்தி மாவு அள்ளுவது மாதிரி அதில் இடித்து இடித்து எடுங்கள். மேல் பக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழுப் புழுவாக எட்டிப் பார்க்கும். ஒரு சுற்று முழுக்க அப்படி வந்தால் போதும். வெளியே பூசுவதில் ஒன்றும் இல்லை.

பிரித்துப் பார்த்தால் கிரீஸ் கஞ்சி மாதிரி இருக்கிறது, ஏன்?

ஆக்சில் குழாயின் உள் சீல் போய்விட்டது. டிஃபரன்ஷியல் ஆயில் நக்கில் உருண்டைக்குள் இறங்கி, அங்கே ஜாயின்ட்டுக்குப் போட்ட கறுப்பு மாலி கிரீஸைக் கரைத்து, ஸ்பிண்டில் வழியாகப் பேரிங்குக்கும் வந்துவிட்டது. உருண்டையின் வெளிப்பக்கம் ஈரமாக, மணல் ஒட்டிக் கறுத்திருந்தால் அதுதான். இந்த நிலையில் டிஸ்க்கை மட்டும் மாற்றிப் பூட்டினால் சில மாதத்தில் புது பேடில் ஆயில். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, கஞ்சியைக் கண்ணில் காட்டி, நக்கிலையும் பிரிக்கச் சம்மதம் வாங்குங்கள். செலவு கூடும் என்று முகம் சுளிப்பார். பரவாயில்லை, எப்படியும் பாதி தூரம் பிரித்தாகிவிட்டது.

பூட்டி முடித்ததும் பெடல் தரை வரை போகிறது. காற்று எடுக்க வேண்டுமா?

பைப்பை எங்கும் அவிழ்க்கவில்லை என்றால் வேண்டாம். புது பேடுக்கு இடம் பண்ண பிஸ்டன்களைப் பின்னால் தள்ளினீர்கள் அல்லவா, அவை திரும்பி வர ஏழெட்டு மிதி ஆகும். வண்டியை நகர்த்தும் முன்பே மிதித்துவிடுங்கள். நகர்த்திய பிறகு மிதித்துச் சுவரில் போய் முட்டிய வண்டி ஒன்றை நான் அறிவேன், யாருடையது என்று சொல்ல மாட்டேன். பிஸ்டனைத் தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் பொங்கி வழியும். கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தள்ளுங்கள், பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும்.

பிரேக் ஆயில் பழையதாகிக் கறுத்திருந்தால் இதோடு அதையும் மாற்றுங்கள். டாட் 3 தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த உத்தரவாதம் 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பெடல் பஞ்சாகிப் போவதற்குப் பல நேரம் காரணம் டிஸ்க் இல்லை, இதுதான்.

புது டிஸ்க்கோடு அன்றே மலைக்குப் போகலாமா?

முதலில் சமதரையில் பழக்குங்கள். காலியான ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, மிதமாக, நிற்காமல், எட்டுப் பத்துத் தடவை. பிறகு பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கோடு பெடலை மிதித்தபடி சிக்னலில் நின்றால் பேடின் அச்சு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஜபல் அக்தருக்கு பிர்கத் அல் மவுஸ் பக்கம் ஏறும் இடத்தில் போலீஸ் சோதனைச்சாவடி இருக்கிறது. நாலு சக்கர ஓட்டம் இல்லாத வண்டியை மேலே விட மாட்டார்கள். ஏறுவதற்குப் பலம் போதாது என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அவர்கள் பயப்படுவது இறக்கத்துக்கு. நீளமான செங்குத்து இறக்கத்தில் பெடலிலேயே காலை வைத்து இறங்கினால் எந்த டிஸ்க்கும் தாங்காது. ஏறிய கியரிலேயே, தேவைப்பட்டால் லோ ரேஞ்சில் போட்டு, இன்ஜினைப் பிடிக்கவிட்டு இறங்குங்கள்.

எல்லாம் முடித்த பிறகு ஃபோர்வீல் பிடிக்கவில்லை. எதை உடைத்தோம்?

பெரும்பாலும் எதையும் இல்லை. ஃப்ரீவீல் ஹப் மூடியைப் பூட்டும்போது டயல் ஃப்ரீயில் இருந்ததா, சர்க்ளிப் அதன் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். லாக்கில் வைத்துக்கொண்டு மூடியை இறுக்கினால் உள்ளே இருக்கும் பல் சக்கரம் குறுக்கே மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் லாக்கில் வைத்து, வீலைத் தூக்கிக் கையால் சுற்றினால் ஷாஃப்டும் கூடச் சுற்ற வேண்டும். ஃப்ரீயில் வைத்தால் நிற்க வேண்டும்.

வீல் நட்டையும் டார்க் ரெஞ்ச்சாலேயே, நட்சத்திர வரிசையில் முடியுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இரண்டு ஹப்பையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கையை எடுக்க வைத்தால், தராசை மறுபடி வெளியே எடுங்கள்.